நுளம்பு வலையும் அறப்பொறுப்பும்
மலையகத்தை முன்னிறுத்திச் சில சிந்தனைகள்

நோயொன்றைத் தடுப்பதற்குரிய எளிய கருவி கையெட்டும் தூரத்தில் இருந்தும் மக்கள் அதனைப் பயன்படுத்தவில்லையெனின் அதற்குக் காரணம் யாது? இவ்வினாவுக்குப் பெரும்பாலும் ஒரே விடைதான் தரப்படுகின்றது: ‘மக்களின் மனப்பாங்கு.’ சுகாதார அறிக்கைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் இச்சொல் தானே ஒரு நோயின் பெயர்போல வழங்கி வருகின்றது. அறியாமை, மூடநம்பிக்கை, அசட்டை என்பன அந்நோயின் குறிகளாகக் கொள்ளப்படுகின்றன. அறிவூட்டலே அதற்குரிய மருந்து என்பது அடுத்து வரும் முடிவு.

இவ்விடை முற்றிலும் பொய்யன்று. ஆனால் அது ஒரு விளக்கமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. ஒரு தீர்ப்பாகவும் அமைந்துவிடுகின்றது. ‘அவர்கள் வலை கட்டிப் படுக்கவில்லை, ஆகவே காய்ச்சல் கண்டது’ என்னும் கூற்றில் காரணமும் குற்றமும் ஒருங்கே அடங்கியுள்ளன. காரணத்தை ஆராய்வது மருத்துவத்தின் பணி. குற்றத்தை யார்மீது சுமத்துவது என்பது அறவியலின் பணி. இவ்விரண்டும் பிரித்தறியப்படாதபோது நலிந்தோர் நோயையும் பழியையும் சேர்த்தே சுமக்க நேரிடுகின்றது. நுளம்பு வலை என்னும் சிறு பொருளைக் கொண்டு இவ்வேறுபாட்டைத் தெளிவாக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலேரியாவைப் பற்றிப் பேச மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என வினவலாம். ஹட்டனும் நுவரெலியாவும் மலேரியாப் பிரதேசங்கள் அல்லவே! உண்மை; அவை அல்லவாதலாலேயே அவை நமக்குப் பயன்படும் எடுத்துக்காட்டுகளாகின்றன.

வழக்கமின்மையும் மறுப்பும்

தமிழில் மலேரியாவுக்கு மலைக்காய்ச்சல் என்றொரு பெயர் உண்டு. தமிழகத்தின் மலையடிவாரக் காடுகளில் அந்நோய் குடிகொண்டிருந்தமை அப்பெயருக்குக் காரணமாகலாம். இலங்கையிலோ நிலைமை தலைகீழானது. இங்கு மலேரியா பெரும்பாலும் வரண்ட தாழ்நிலத்தின் நோய். இந்நாட்டில் அதனைப் பரப்பிய முதன்மை நுளம்பாகிய அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ், வெயில் படும் தெளிந்த தேக்கங்களிலே, சிறப்பாக நீரோட்டம் குன்றிய ஆற்றுப்படுகைகளின் குட்டைகளிலே, முட்டையிடுவது. நுளம்பின் உடலினுள் மலேரியாக் கிருமி முதிர்வதற்கும் ஓரளவு வெப்பம் வேண்டும். அவ்வெப்பம் ஏறத்தாழ 16 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கின் வைவாக்ஸ் வகைக் கிருமி முதிர்வதில்லை. பல்சிபாரம் வகைக்கு இன்னும் கூடிய வெப்பம் தேவை. கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலேயுள்ள நுவரெலியாவின் குளிர், எந்த அரசாங்கத்தின் துணையுமின்றி அங்குள்ளோரை இந்நோயிலிருந்து காத்து வந்தது.

இக்காவலின் பெறுமதி 1934-35ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்டது. 1934இல் மழை பொய்த்தது. மகா ஓயா, தெதுரு ஓயா போன்ற ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. கேகாலை, குருநாகல் மாவட்டங்களில் மூண்ட கொள்ளைநோய் தீவில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. வழக்கமாக மலேரியா காணாத ஈரவலய மக்களே மிகுதியாக மாண்டனர். அவர்கள் உடலில் அந்நோய்க்கெதிரான சக்தி இருக்கவில்லை. கொயினாவுடன் உணவும் சென்ற இடங்களில் மக்கள் தேறினர். சூரியமல் இயக்கத்தவரும் கலாநிதி என். எம். பெரேரா போன்றோரும் செய்த நிவாரணப்பணி, இந்நாட்டின் இடதுசாரி அரசியலுக்கே ஒரு தொடக்கமாயிற்று. உயர்மலைத் தோட்டங்களை இக்கொள்ளை எட்டவில்லை.

ஆகவே மேல்மலைத் தோட்டத்து லயங்களில் நுளம்பு வலை ஒரு வீட்டுப்பொருளாக இடம்பெறாமை வியப்புக்குரியதன்று. அங்கு இரவின் எதிரி குளிர். அதற்கெதிரான கருவி கம்பளி. தோட்டத்துக்கு வந்திறங்கிய தொழிலாளிக்குக் கம்பளி கொடுக்கப்பட்டதும், அதன் விலை அவன் கூலியிலிருந்து கழிக்கப்பட்டதும் பெருந்தோட்ட வரலாறு அறிந்தோர் அறிந்ததே. கடனாக வந்தபோதிலும் கம்பளியை யாரும் மறுக்கவில்லை. ஏனெனின் குளிரை உடல் அறியும். அதனை விளக்க விரிவுரை வேண்டியதில்லை.

இங்கு நாம் முதலாவது வேறுபாட்டைக் காண்கிறோம். ஒரு பொருளைப் பயன்படுத்தும் வழக்கம் இல்லாமை வேறு; அதனை மறுத்தல் வேறு. முன்னையது சூழலுக்கேற்ற அறிவின் விளைவாகவும் இருக்கலாம். நுவரெலியாவில் மலேரியாவுக்கஞ்சி வலை கட்டிப் படுப்பவனே அங்கு சூழலை அறியாதவன். மனப்பாங்கை அளக்கப் புகுவோர் முதலில் அம்மனப்பாங்கு எந்த நிலத்தில், எந்த அனுபவத்தில் விளைந்தது என்பதைக் கேட்டல் வேண்டும்.

மலையிலிருந்து இறங்கியோர்

வழக்கமின்மை குற்றமன்று, ஆயின், சூழல் மாறியபின்னரும் வழக்கம் மாறாதிருப்பது குற்றமாகாதா? இவ்வினா மலையகத் தமிழரைப் பொறுத்தவரை வெறுங் கற்பனையன்று.

இச்சமூகத்தின் வரலாறே மலேரியாக் காட்டினூடாகத் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை வழியே காடுகளைக் கடந்து மாத்தளை வரை நடந்து வந்த கூட்டங்கள் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் வழிநெடுகப் பலியாயின. 1914இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டபோது அந்த நடைவழி மறைந்திருந்தது. காய்ச்சற்காடும் நினைவிலிருந்து மங்கியது.

ஆறு தசாப்தங்கள் கழிந்து, அதே மக்களிற் பலர் மீண்டும் அக்காட்டை நோக்கித் தள்ளப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டிருந்த அவர்கள், 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களின்போது பல தோட்டங்களில் வேலையும் இருப்பிடமும் இழந்தனர். 1973-74இல் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைப் பசியில் ஆழ்த்தியது. 1977 ஆகஸ்டு மாத வன்செயல்களுக்குப் பின்னர் ஆயிரக்கணக்கானோர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளுக்குச் சென்றனர். காந்தீயம் போன்ற அமைப்புகள் அவர்களுட் பலருக்குக் குடியேற்றங்களை அமைக்க உதவின. மலேரியா நாட்டில் மீண்டும் தலைதூக்கியிருந்த காலம் அது. வன்னியோ அதன் பழைய உறைவிடம்.

குளிர்மலையிற் பிறந்து வளர்ந்த ஒருவன் காட்டோரத்துக் குடிசையொன்றில் முதல் மழைக்காலத்தைக் கழிக்கும் நிலையை எண்ணிப் பார்க்கலாம். அவன் உடலுக்கு அந்நோயின் அறிமுகமில்லை. அவன் பாட்டனின் அறிவுரைகளிலும் அதற்கு இடமில்லை. அவனது குடிசைக்குச் சுவர் அரைகுறை. வலை கட்ட வளையில்லை. வலை வாங்கக் கையிற் பணமில்லை. இந்நிலையில் அவன் வலையின்றிப் படுத்தான் எனின் அதனை ‘மனப்பாங்கு’ எனப் பெயரிடுவது பொருந்துமா?

அரிஸ்டோட்டில் தமது நிக்கோமாக்கிய அறவியலின் மூன்றாம் நூலில் அறியாமை எப்போது மன்னிப்புக்குரியது என ஆராய்கிறார். அறியாமைக்குத் தானே காரணமானவன் அதனைச் சாட்டித் தப்ப முடியாது என்பது அவர் முடிவு. குடிமயக்கத்திற் குற்றஞ் செய்தோருக்கு இருமடங்கு தண்டனை விதிக்கப்பட்டதை அவர் உதாரணமாகக் காட்டுகிறார். அவ்வளவுகோலைக் கொண்டே அளப்போம். வன்னிக்குச் சென்றவனது அறியாமைக்கு அவன் காரணமல்லன். அவனை அங்கு அனுப்பிய நிகழ்ச்சிகளுக்கும் அவன் காரணமல்லன். பொறுப்பு என்னும் கயிற்றின் மறுமுனையைத் தேடிச் செல்வோமாயின், அது குடிசையைத் தாண்டிச் சட்டங்களிடமும் வன்செயல்களிடமும் நம்மை இட்டுச்செல்லும்.

யாருடைய மனப்பாங்கு?

தோட்டங்களுள்ளேயே இதற்கொப்பான பழைய நிகழ்ச்சியொன்று உண்டு. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் ஆரம்பிக்கப்பட்டது. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையோரிடம் அப்புழு காணப்பட்டது. கடுமையான பேதி மருந்தும் கீனோப்போடிய எண்ணெயும் கொடுக்கப்பட்டன. புழு வெளியேறியது, சிறிது காலத்தில் திரும்பி வந்தது. மலங் கலந்த மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுவது அதன் இயல்பு. மலகூடங்கள் போதியவளவு கட்டப்படாத வரையில், வெறுங்காலுடன் மலையேறிக் கொழுந்து பறிக்கும் தொழில் நீடிக்கும் வரையில், மருந்து ஒரு சடங்காகவே எஞ்சும்.

தொழிலாளர் சுகாதாரப் பழக்கமற்றோர், மருந்தை வெறுப்போர் என்னும் குறைகூறல்கள் அக்காலத்தில் எழுந்தன. ஆனால் மலகூடம் கட்டும் செலவை ஏற்கத் தயங்கிய தோட்டத்துரைமாரின் மனப்பாங்கு அதே கூர்மையுடன் ஆராயப்பட்டதா? இலாபக் கணக்கில் சுகாதாரத்தை வீண்செலவாகக் கருதுவதும் ஒரு மனப்பாங்குதான். அதுவும் நோயைப் பரப்பவல்லது. பின்னர் அவ்வியக்கத்தின் நோக்கு மாறி, 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டபோது, மருந்தினால் மட்டும் நோய் தீராது, வாழிடமும் மாறவேண்டும் என்னும் பாடம் ஏற்கப்பட்டது எனலாம். தோட்டங்களுக்கு அப்பாடம் மிக மெதுவாகவே வந்து சேர்ந்தது.

மனப்பாங்கு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கீழ்நோக்கியே செல்வன என்பது ஈண்டு கவனிக்கத்தக்கது. நோயாளியிடம் வினாக்கொத்துடன் செல்கிறோம், முகாமையாளரிடம் செல்வதில்லை. லயத்தின் இஸ்தோப்பில் நின்று, ‘வலை கட்டுகிறீர்களா?’ என்று கேட்கிறோம். பங்களாவின் வாயிலில் நின்று, ‘வலை கட்டுவதற்கு இடமுள்ள வீட்டை ஏன் கட்டவில்லை?’ என்று கேட்பதில்லை.

வலையும் வீடும்

இவ்விறுதி வினா அணிநயத்துக்காகச் சொல்லப்பட்டதன்று. 1900ஆம் ஆண்டில் மருத்துவர்களான சம்போனும் லோவும் இத்தாலியின் ஒஸ்தியாவை அடுத்த சதுப்புநிலத்தில், மலேரியாப் பருவம் முழுவதையும் ஒரு குடிலிற் கழித்தனர். அக்குடிலின் கதவுகளும் சாளரங்களும் நுண்ணிய கம்பிவலையால் மூடப்பட்டிருந்தன. மாலையானதும் உள்ளே சென்று விடியும்வரை உள்ளேயே இருந்தனர். சுற்றிலும் வாழ்ந்தோர் காய்ச்சலால் வாட, அவர்களிருவரும் நோயின்றி மீண்டனர். 1897இல் சிக்கந்தராபாத்தில் ரொனால்ட் ரொஸ் கண்டறிந்த உண்மைக்கு இது செயல்முறைச் சான்றாயிற்று. ஒழுங்கான வீடே முதலாவது நுளம்பு வலை என்பதும் இதனாற் புலப்பட்டது. படுக்கையின்மேல் தொங்கும் வலை, வீடு செய்யத் தவறிய பணியைச் செய்யவரும் பதிலாள் மட்டுமே.

லயத்துக் காம்பரா ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. பெற்றோர், பிள்ளைகள், சிலவேளை பாட்டி, அடுப்பு, விறகு, கொழுந்துக்கூடை ஆகிய அனைத்துக்கும் அதுவே இடம். நெருக்கமாக நிலத்திற் பாய் விரித்துப் படுப்போர்க்கு ஒருவருக்கொரு வலை என்பது கணிதத்திலும் இயலாதது. இத்தகைய இருப்பிடத்துக்கு எத்தகைய கருவியைக் கொடுத்தாலும் அதன் பயன் பாதியாகும். 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்தபோது, முன்னரே ஒப்புக்கொள்ளப்பட்ட 4,000 வீடுகளுக்கு மேலதிகமாக மலையகத்துக்கு 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. தனிவீடு பற்றிய இக்கோரிக்கையைக் காணியுரிமை அரசியலாக மட்டுமே காண்போர் உளர். அது நோய்த்தடுப்புக் கோரிக்கையுமாகும்.

திருக்குறளின் ‘மருந்து’ என்னும் அதிகாரம், மருத்துவத்தை நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என நான்கு கூறுகளாக வகுத்து முடிகின்றது. நான்கும் கூடினாலன்றி மருத்துவம் நிறைவுறாது என்பதே அப்பாகுபாட்டின் உட்கிடை. தடுப்புக்கும் இதனைப் பொருத்திப் பார்க்கலாம்: காக்கப்பட வேண்டியவன், காக்கும் வழியை அறிந்தவன், கருவி, அக்கருவி பயன்படுவதற்கேற்ற சூழலை அமைத்துத் தருபவன். நான்காமவன் தன் கடமையைச் செய்யாதிருக்க, முதலாமவனை மட்டும் கூண்டிலேற்றுதல் நீதியாகாது. ‘வேண்டும்’ என்பது ‘இயலும்’ என்பதைத் தன்னுள் அடக்கியது என்னும் காண்டின் கருத்தும் இதனையே வலியுறுத்துகின்றது. இயலாததைக் கடமையாக்க முடியாது.

அமர்த்தியா சென் அடிக்கடி காட்டும் வேறுபாடொன்று இங்கு துணைபுரியும். உண்ணாநோன்பு இருப்பவனும் உணவின்றிப் பட்டினி கிடப்பவனும் புறத்தே ஒன்றுபோலவே தோன்றுவர். இருவர் வயிறும் வெறுமையே. ஆனால் முன்னவன் உண்ணும் வாய்ப்பிருந்தும் உண்ணாதிருப்பவன். பின்னவனுக்கு அவ்வாய்ப்பே இல்லை. வலையின்றித் துயில்வோர் எத்தனைபேர் என எண்ணுவது எளிது. அவர்களுள் நோன்பிகள் யார், பட்டினியாளர் யார் என்பதை எண்ணிக்கை சொல்வதில்லை.

ஒரு மறுப்பும் அதன் எல்லையும்

இவ்வாறு வாதிப்பதற்கு எதிராக வலுவான மறுப்பொன்று உண்டு. எல்லாவற்றையும் சூழலின்மீது ஏற்றிவிடின், ஏழை மனிதன் தன்னிச்சையற்ற பொம்மையாகி விடுகிறான் அல்லவா? அவனைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும் அதே வேளையில் அவனது அறிவையும் தெரிவையும் நாம் பறித்துவிடுகிறோம். ‘பாவம், அவர்களால் என்ன செய்ய முடியும்’ என்னும் இரக்கம், ‘அவர்கள் அறிவிலிகள்’ என்னும் இகழ்ச்சிக்கு உடன்பிறந்ததே. இம்மறுப்பு பொருட்படுத்தத்தக்கது, மலையக மக்களை நெடுங்காலம் அடக்கி வைத்த துரைத்தனமும் தன்னைத் தந்தைமை என்றே சொல்லிக்கொண்டது.

வறியோர் தெரிவற்றோர் அல்லர் என்பதற்கு வேற்றுநாட்டுச் சான்றுகள் உண்டு. இலவசமாகக் கிடைப்பதை மக்கள் மதிக்கமாட்டார்கள், சிறு விலையேனும் வைத்தால்தான் பயன்படுத்துவர் என்பது நெடுநாளைய நம்பிக்கை. கென்யாவில் கருவுற்ற பெண்களிடையே கோயன், டூபா என்னும் பொருளியலாளர் இருவர் இதனைச் சோதித்து 2010இல் வெளியிட்டனர். விலையேதுமின்றிக் கொடுக்கப்பட்ட வலை 60 அமெரிக்கச் சதத்துக்கு விற்கப்பட்டபோது அதனைப் பெறுவோர் தொகை 60 சதவீதப் புள்ளிகள் வீழ்ந்தது. ஆனால் இலவசமாகப் பெற்றோர் விலைகொடுத்துப் பெற்றோரைவிடக் குறைவாகப் பயன்படுத்தினர் என்பதற்குச் சான்று கிட்டவில்லை. மாறாதது மனப்பாங்கன்று, தடையாய் நின்றது விலை.

இன்னொரு சான்று சிக்கலானது. விக்ரோறியா ஏரிக்கரையில் இலவச நுளம்பு வலைகள் மீன் உலர்த்தவும் மீன் பிடிக்கவும் பயன்படுத்தப்பட்டமையை 2008இல் ஆய்வாளர் பதிவுசெய்தனர். நன்றியற்ற செயல் எனச் சிலர் சினந்தனர். ஆனால் இருபத்துநான்கு நூற்றாண்டுகளுக்கு முன் ஹெரொடோட்டஸ், எகிப்தின் சதுப்புநில மக்கள் பகலில் மீன்பிடிக்கும் வலையையே இரவிற் படுக்கையைச் சுற்றி விரித்து நுளம்பைத் தடுத்தனர் என எழுதிவைத்தார். அன்று மீன்வலை நுளம்பு வலையானதை நுண்ணறிவு எனப் போற்றுகிறோம். இன்று நுளம்பு வலை மீன்வலையானதை அறியாமை எனத் தூற்றுகிறோம். இரண்டும் கையிலுள்ள ஒரு பொருளைக் கொண்டு இரு தேவைகளைச் சமாளிக்கும் மனித முயற்சியே. இன்றைய பசி நிச்சயமானது. நாளைய காய்ச்சல் ஐயத்துக்குரியது. நிச்சயமானதைத் தெரிந்தவன் சிந்தியாதவன் அல்லன்.

எனினும் ஆராய்ச்சியை இங்கு நிறுத்திவிடல் ஆகாது. மருந்தூட்டிய வலை அதனுட் படுப்பவனை மட்டும் காப்பதன்று. அதனைத் தீண்டும் நுளம்பையும் அது கொல்கின்றது. மேற்குக் கென்யாவில் நடந்து 2003இல் வெளிவந்த ஆய்வொன்றில், வலை கட்டிய வீடுகளிலிருந்து ஏறத்தாழ 300 மீற்றருக்குள் வாழ்ந்த, வலையற்ற குடும்பங்களும் பாதுகாப்புப் பெற்றமை தெரியவந்தது. என் வலை என் அயலானுக்கும் காவல் எனின், அதனைக் கட்டுவது என் நலன் பற்றிய விவேகம் மட்டுமன்று. அயலான்பாற் பட்ட கடமையுமாகும். விவேகத்தைக் கைவிட எனக்கு உரிமை உண்டு. கடமையைக் கைவிட அவ்வுரிமை இல்லை.

இக்கடமை வீட்டுக்குள்ளும் செல்கின்றது. ஐவருக்கு ஒரே வலை எனின் அதனுள் யார் படுப்பது? உழைப்பவர் முதலில் என்பது பல சமூகங்களில் எழுதாச் சட்டம். நோயோ கருவுற்ற தாயையும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையையுமே முதலிற் பலிகொள்வது. வீட்டின் ஒழுங்கும் நோயின் ஒழுங்கும் முரணுமிடத்தில் எதனை மாற்றுவது என்பது அக்குடும்பத்தவர் தாமே தெரியவேண்டிய அறத்தெரிவு. விடியுமுன் எழுந்து அடுப்பை மூட்டிப் பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுப் பிரட்டுக்களத்துக்கு ஓடும் பெண்ணிடம், ‘வலையைச் சரியாகச் செருகினாயா?’ என்று கேட்பதற்குமுன், அவ்வீட்டின் ஏனையோரிடம் அதனைக் கேட்டல் தகும்.

ஆகவே சூழல் பொறுப்பை அழிப்பதில்லை; அதனைப் பங்கிடுகின்றது. ஒருவனது பங்கு அவனுக்கிருந்த வாய்ப்பின் அளவே பெரிதாகும். இவ்விதியை ஏற்போமாயின் தோட்டத் தொழிலாளியைப் பொம்மையாக்காமலும் குற்றவாளியாக்காமலும் அவனோடு பேசமுடியும்.

காணாத நோய்க்கெதிரான கடமை

இறுதியாக, இன்றைய நிலைமை எழுப்பும் வினா ஒன்றுண்டு. 1946இல் ஆயிரத்துக்கு 20ஐ ஒட்டியிருந்த இலங்கையின் இறப்பு வீதம், டீ.டீ.ரீ. தெளிக்கப்பட்ட காலத்தில், 1947இல் 14ஐ ஒட்டி இறங்கியது. அவ்வீழ்ச்சியில் மலேரியா ஒழிப்பின் பங்கு எவ்வளவு, உணவும் மருத்துவ வசதியும் பெருகியதன் பங்கு எவ்வளவு என அறிஞர் நெடுநாள் வாதிட்டனர். 1963இல் நாடு முழுவதிலும் கண்ட நோயாளர் 17 பேர் மட்டுமே. நோய் போய்விட்டது என எண்ணித் தெளிப்பும் கண்காணிப்பும் தளர்த்தப்பட்டன. 1968, 1969ஆம் ஆண்டுகளில் ஆண்டுக்கு நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். ஒழிந்தது நோயன்று, நோய் பற்றிய அச்சமே என்பது அப்போது தெரிந்தது.

மீண்டும் நெடிய முயற்சி. போர்க்காலத்தின் நடுவிலும் மலேரியாத் தடை இயக்கத்தின் பணியாளர் வடகிழக்கில் இயங்கினர். நீடித்த பயனுடைய மருந்தூட்டிய வலைகள் இலவசமாக வழங்கப்பட்டன. 2012 அக்டோபரில் உள்நாட்டிற் தொற்றிய இறுதி நோயாளி பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்னும் புதிய நுளம்பு கண்டறியப்பட்டமையும் நினைவுகொள்ளத்தக்கது. அது கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகி நகரங்களில் வாழவல்லது.

தடுப்பின் வெற்றி தடுப்பின் காரணத்தை மறைத்துவிடுகின்றது. மருந்துண்டு குணமானவன் மருந்தின் பயனை அறிவான். நோய் வராதவனோ எதனால் வரவில்லை என்பதை அறியான். ஆகவே தடுப்பு என்றும் நன்றி பெறாத அறம். தன் பயனைத் தானே காணமுடியாத செயலை மனிதன் எதன்பொருட்டுச் செய்வான்? அச்சம் போனபின் எஞ்சக்கூடியது பிறர்பால் உள்ள பொறுப்புணர்ச்சி ஒன்றே.

மலையகத்தவர்க்கு இது நேரடியாகப் பொருந்துவது. சபரிமலைக்கும் தமிழகத்து உறவினர் வீடுகளுக்கும் சென்று மீள்வோர் அவர்களிடையே உளர். இந்தியாவில் தொற்றிய காய்ச்சலுடன் ஒருவர் நுவரெலியாவுக்குத் திரும்பின் அங்குள்ள அயலாருக்கு ஆபத்துக் குறைவு. ஆனால் அவர் கதிர்காமத்துக்கோ, வன்னியிலுள்ள உறவினரிடமோ அதே காய்ச்சலுடன் செல்வாராயின் நாடு இழந்த நோயை அவரே மீட்டுத் தந்தவராகலாம். எனவே காய்ச்சல் கண்டதும் தான் சென்றுவந்த நாட்டை வைத்தியரிடம் சொல்வதும் இரத்தப் பரிசோதனைக்கு இணங்குவதும் நுளம்பு வலையின் இன்றைய வடிவங்கள் எனலாம். அதேபோல, வறிய நோயாளியிடம் ‘எங்கே சென்று வந்தீர்கள்?’ எனப் பொறுமையாகக் கேட்பதும் அப்பரிசோதனை வசதியை அருகிலேயே வைத்திருப்பதும் வைத்தியசாலையின் கடமை. சொல்பவனும் கேட்பவனும் இன்றி இவ்வலை பின்னப்படுவதில்லை.

டெங்கு பற்றியும் ஒரு சொல். 2017இல் நாட்டில் 1,86,000க்கு மேற்பட்டோரைப் பீடித்த அந்நோயின் நுளம்பு பகலிற் கடிப்பது. இரவில் வலை கட்டும் அறிவுரையை அதற்கு அப்படியே ஒப்புவிப்பது பயன்தராது. பகலில் தொட்டிலில் உறங்கும் குழந்தைக்கு மட்டுமே வலை உதவும். ஏனையோருக்கு நீர் தேங்கும் கலங்களையும் கான்களையும் துப்புரவாக்குவதே வழி. லயத்தின் கான் ஒருவருடையதன்று. அங்கே தனிமனித மனப்பாங்கு என்னும் விளக்கம் முற்றாகவே பயனற்றுப் போகின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று முடிவுகள் பெறப்படும். முதலாவது, ஒரு தடுப்புக் கருவி பயன்படுத்தப்படாமைக்கு மனப்பாங்கே காரணம் என்று சொல்லுமுன், நிலமும் வீடும் விலையும் வரலாறும் ஆராயப்படல் வேண்டும். இரண்டாவது, மனப்பாங்கை ஆராய்வோர் வறியோரின் மனப்பாங்குடன் நிறுத்திக்கொள்ளாது, வீடு கட்டும் அதிகாரமும் விலை விதிக்கும் அதிகாரமும் உடையோரின் மனப்பாங்கையும் ஆராய்தல் வேண்டும். மூன்றாவது, வாய்ப்புக் கிடைத்தபின்னர் ஒவ்வொருவரும் தமக்காக மட்டுமன்றி அயலாருக்காகவும் தம்மைக் காத்துக்கொள்ளக் கடமைப்பட்டவர். இக்கடமையிலிருந்து வறுமை ஒருவரை ஓரளவு விடுவிக்கலாம், வசதி ஒருவரை ஒருபோதும் விடுவிப்பதில்லை.

பல்கலைக்கழகத்திற் பயில்வோராகிய நாம் பெரும்பாலும் வினாக்கொத்தைக் கையில் ஏந்துவோர் பக்கத்தில் நிற்பவர்கள். நம்மிற் சிலர் லயங்களிலிருந்து வந்தவர்களுமாவோம். மக்கள் ஏன் இதனைச் செய்யவில்லை என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. அவ்வினாவுக்கு அவர்கள் தரும் விடை நம்மை நோக்கிய ஒரு வினாவாக அமையுமாயின், அதனையும் குறித்துக்கொள்ளும் நேர்மை நமக்கு இருத்தல் வேண்டும்.